நெட் கம்பெனியை மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று சோதித்து, அப்புறம்தான் கூடையில் போடுகிறோம். ஆனால் மாதாமாதம் அறுநூறு, எழுநூறு என்று பணம் வாங்கிக்கொண்டு போகிற இன்டர்நெட் கனெக்ஷன் விஷயத்தில் மட்டும், "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கி விடுகிறோம். சகோதரிகளே, இது சரியா?

கையெழுத்துப் போடுவது வேண்டுமானால் வீட்டுக்காரராக இருக்கலாம். ஆனால் பகல் பதினோரு மணிக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், போன் போட்டுப் புலம்புவது யார்? ஒயர் இழுக்க வருகிற பையனுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டு, மோர் கொடுப்பது யார்? "நாளைக்கு வர்றேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனவனுக்காக, கடைக்குக்கூடப் போகாமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? நாம்தானே! அதனால் கனெக்ஷன் எடுப்பது, மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை, பத்தாம் வகுப்புதான். போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு மாறினோம். அதே வருடம் எங்கள் மாடி வீட்டு அக்காவுக்காக வேறொரு கம்பெனியோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

செல்போன் வேறு, இது வேறு

செல்போனில் கம்பெனி மாறுவது இப்போது சுலபம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் அந்த வசதி இருக்கிறது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, வருகிற குறியீட்டை வைத்துப் புது கம்பெனியில் பதிந்தால் போதும். நம்பர் அதே நம்பர். பழைய கனெக்ஷன் தானாகவே முடிந்து விடும்.

இதே பழக்கத்தில், வீட்டு இன்டர்நெட்டும் அப்படித்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை! பிராட்பேண்டுக்கு அந்த மாதிரி மாற்றல் வசதி கிடையாது. புது கம்பெனிக்காரர் வந்து ஒயர் இழுத்து, புதுப் பெட்டி மாட்டி, நெட் ஓட ஆரம்பித்தாலும், பழைய கம்பெனிக்கு அது தெரியவே தெரியாது. நாமாகச் சொல்லி நிறுத்தாத வரை அங்கே பில் பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். "நாங்களே பழசை நிறுத்திடுவோம் மேடம்" என்று புது கம்பெனி ஆள் வாயால் சொன்னால் நம்பாதீர்கள். அது அவர் கையில் இல்லை.

லேண்ட்லைன் நம்பரும் அப்படித்தான். பிராட்பேண்டோடு சேர்ந்து வந்த நம்பரை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது. கேஸ் ஏஜென்சி, பேங்க், பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று எங்கெல்லாம் அந்த நம்பரைக் கொடுத்திருக்கிறோமோ, அங்கெல்லாம் முதலில் மாற்றிவிட்டுத்தான் கனெக்ஷனை நிறுத்த வேண்டும்.

விளம்பரத்தில் 499, பில்லில் 589

புது கம்பெனியின் நோட்டீஸில் 499 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் 'வரி தனி' என்று இருக்கும். தொலைத்தொடர்பு சேவைகளுக்கு 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆக 499-க்கு வரி 89 ரூபாய் 82 காசு சேர்ந்து 588 ரூபாய் 82 காசு ஆகிறது. 999 ரூபாய் திட்டம் என்றால் கையை விட்டுப் போவது 1,178 ரூபாய் 82 காசு. இரண்டு கம்பெனியை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒன்றை வரியோடும், இன்னொன்றை வரி இல்லாமலும் பார்த்துவிட்டு, "அட, இது சீப்பா இருக்கே" என்று முடிவு கட்டி விடக் கூடாது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. '40 எம்.பி.பி.எஸ்.' என்று போட்டிருப்பார்கள். (டாக்டர் படிப்பு இல்லைங்க, அது எம்.பி.பி.எஸ். என்றாலும் வேறு!) அதை எட்டால் வகுத்தால்தான் நமக்குப் புரிகிற கணக்கு வரும். அதாவது 40 என்றால் ஒரு நொடிக்கு 5 எம்.பி. அளவுக்குப் படமோ, பாட்டோ இறங்கும். பாடம் கேட்க ஒரு பிள்ளை, ஆபீஸ் வேலை பார்க்க ஒருவர், சீரியல் பார்க்க ஒருவர் என்று இருக்கிற சாதாரண வீட்டுக்கு இதுவே தாராளம். 'அன்லிமிடெட்' என்று இருந்தாலும், மாதத்துக்கு இவ்வளவு ஜி.பி. வரைதான் முழு வேகம், அதற்கப்புறம் மெதுவாகி விடும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். பல திட்டங்களில் 3,300 ஜி.பி. என்று வைத்திருக்கிறார்கள். மலிவான திட்டங்களில் அதைவிடக் குறைவாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டெபாசிட்டா, கட்டணமா?

முதல் தடவை பணம் கட்டும்போது, "ஆயிரம் ரூபாய் கட்டணும் மேடம்" என்பார்கள். அந்த ஆயிரம் எதற்கு என்று கேளுங்கள். இதில்தான் விஷயமே இருக்கிறது.

டெபாசிட் என்றால் நம் பணம். கனெக்ஷனை நிறுத்தும்போது திரும்பி வரும். 'இன்ஸ்டலேஷன்', 'ஆக்டிவேஷன்' என்று எழுதியிருந்தால் அது போனது போனதுதான். ரூட்டர் பெட்டியிலும் மூன்று வகை உண்டு. நாமே விலை கொடுத்து வாங்கியது ஒன்று. டெபாசிட் வாங்கிக்கொண்டு கம்பெனி கொடுத்தது இன்னொன்று. "ஃப்ரீ மேடம்" என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனது மூன்றாவது. இந்த 'ஃப்ரீ' பெட்டி நமக்குச் சொந்தம் இல்லை. கனெக்ஷன் இருக்கிற வரைக்கும் இரவல்தான். நிறுத்தும்போது பெட்டியும், அதோடு வந்த அடாப்டரும் நல்லபடியாகத் திரும்பப் போகாவிட்டால், அதன் விலையைக் கடைசி பில்லில் ஏற்றி விடுவார்கள்.

எங்கள் வீட்டில் புது கனெக்ஷன் எடுத்தபோது, வந்தவரிடம் ரசீதில் 'திரும்பக் கிடைக்கும் டெபாசிட்' என்று எழுதித் தரச் சொன்னேன். "எல்லாம் ஆன்லைன்ல இருக்கும் மேடம்" என்றார். "இருக்கட்டும் தம்பி. ஆன்லைன்ல இருக்கிறதை இப்பவே என் போன்ல காட்டுங்க, அப்புறம் பணம் தர்றேன்" என்றேன். காட்டினார். அதை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டேன். நமக்கென்ன, ஐந்து நிமிட வேலை!

மொத்தமாகக் கட்டினால் லாபமா?

"ஆறு மாசம் மொத்தமா கட்டினா இன்ஸ்டலேஷன் ஃப்ரீ, ஒரு மாசம் எக்ஸ்ட்ரா" என்று ஆசை காட்டுவார்கள். ஒரே வீட்டில் நிலையாக இருப்பவர்களுக்கு, அந்தத் தெருவில் அந்த கம்பெனி நெட் நன்றாக வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு, இது லாபம்தான். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்கள், மாற்றல் வரக்கூடிய வேலையில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

499 ரூபாய் திட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு வரியோடு 3,533 ரூபாய் ஆகிறது. இரண்டு மாதத்தில் வீடு மாற வேண்டி வந்து, புது ஏரியாவில் அந்த கம்பெனி லைன் இல்லை என்றால் மீதி நாலு மாதப் பணம், கிட்டத்தட்ட 2,355 ரூபாய், என்ன ஆகும்? திருப்பித் தருவார்களா, மாட்டார்களா என்பது அவரவர் நிபந்தனையில் இருக்கிறது. சில இடங்களில், பாதியில் விட்டால் 'ஃப்ரீ' என்று சொன்ன இன்ஸ்டலேஷன் கட்டணத்தையும் திரும்ப வசூலிப்பதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் புது இடம், புது கம்பெனி என்றால் முதல் ஒரு மாதம், இரண்டு மாதம் மாதக் கட்டணத்தில் ஓட்டிப் பார்ப்பது உத்தமம். பக்கத்து வீடு, எதிர் வீட்டில் அதே கம்பெனி வைத்திருப்பவர்களிடம், "மழை பெய்தால் நெட் நிற்கிறதா? புகார் சொன்னால் எத்தனை நாளில் ஆள் வருகிறார்?" என்று இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள். விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்லி விடுவார்கள்.

மாடி வீட்டு அக்காவுக்கு வந்த பில்

இனி எங்கள் மாடி வீட்டு அக்கா கதைக்கு வருகிறேன். இதைப் படித்த பிறகாவது நாலு பேர் உஷாராக வேண்டும் என்பதற்காகத்தான் அக்காவிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் போன தை மாதம் காலமாகி விட்டார். இன்டர்நெட் கனெக்ஷன் அவர் பேரில்தான் இருந்தது. அவர் செல்போனுக்கு ரீசார்ஜ் போடவில்லை. நம்பரும் நின்று விட்டது. மகன் வெளியூரில். "பணம் கட்டலைன்னா அவங்களே கட் பண்ணிடுவாங்க" என்று அக்கா பேசாமல் இருந்து விட்டார். சொன்னபடி நெட்டும் நின்றது. மார்ச் முதல் வாரம் ஏரியா பையன் ஒருவன் வந்து, பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய் விட்டான். விஷயம் முடிந்தது என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

ஜூலை மாதம் ஒரு போன். "சாரைக் கூப்பிடுங்க. 5,800 ரூபாய் பாக்கி இருக்கு. கட்டலைன்னா லாயர் நோட்டீஸ் வரும்" என்று ஒரு ஆள் கறாராகப் பேசியிருக்கிறார். "அவர் இல்லைங்க" என்று அக்கா சொன்னால், "எப்ப வருவார்?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அழுத அழுகை இருக்கிறதே! "ஏம்மா, ஒருத்தர்கிட்ட ஒரு ரூபா கடன் வைக்காத மனுஷன். அவர் பேரைச் சொல்லி இப்படிக் கேக்கறாங்களே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நகையை வைத்தாவது கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுகூடச் சொன்னார்.

பில்லை வாங்கிப் பார்த்தோம். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஐந்து மாத வாடகை 2,945 ரூபாய். பெட்டி திரும்பி வரவில்லை என்று 2,500. மீதி, தாமதக் கட்டணம். இதில் இரண்டு விஷயம் விளங்கியது. ஒன்று, நெட்டை நிறுத்தி வைப்பது வேறு, கணக்கை மூடுவது வேறு. பணம் கட்டாததால் நெட் நின்றதே தவிர, கணக்கு திறந்தே இருந்திருக்கிறது. இரண்டு, பெட்டியை எடுத்துப்போன பையன் அதைக் கம்பெனியில் கணக்கு காட்டவில்லை. அவனைத் தேடினால், அவன் வேலையை விட்டே போய் விட்டானாம்.

அதிர்ஷ்டவசமாக, பெட்டியை எடுத்த அன்றைக்கு அவன் அக்காவின் மகனுக்கு வாட்ஸ்-அப்பில், "பாக்ஸ் எடுத்துட்டேன் சார்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தான். தேதியோடு அது போனில் இருந்தது. பரணில் பெட்டி வந்த அட்டைப்பெட்டியும் இருந்தது. அதில் சீரியல் நம்பர். இவற்றோடு இறப்புச் சான்றிதழ் நகல், அக்காவின் ஆதார் நகல், முதலில் கட்டிய ஆயிரம் ரூபாய் டெபாசிட் ரசீது எல்லாவற்றையும் சேர்த்து, என் வீட்டுக்காரர் உதவியோடு ஒரு கடிதம் எழுதினோம். கம்பெனியின் புகார் மையத்துக்குப் போன் செய்து புகார் எண் வாங்கினோம். பத்து நாள் கழித்து, "பெட்டி வரவில்லை, பில் சரியானதே" என்று பதில் வந்தது.

விட்டுவிடவில்லை. அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினோம். ஐந்தாவது வாரம் பதில் வந்தது. பெட்டியின் விலையும், தாமதக் கட்டணமும் தள்ளுபடி. பெட்டியை எடுத்த தேதி வரைதான் வாடகை. அதை டெபாசிட்டில் கழித்துக்கொண்டு, மீதி இருநூற்றுச் சொச்சத்தை அக்காவின் வங்கிக் கணக்கில் போட்டார்கள். தொகை சின்னதுதான். ஆனால், "அவர் பேர்ல பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதி வந்த அந்தத் தாளை, அக்கா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இதனால் நான் சொல்ல வருவது: வீட்டில் ஒருவர் காலமானால் பேங்க், ரேஷன் கார்டு, கேஸ் எல்லாம் பேர் மாற்றுகிறோம் அல்லவா? அந்தப் பட்டியலில் இன்டர்நெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய செல் நம்பரை உடனே நின்றுபோக விடாதீர்கள். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். எல்லாக் கணக்கிலும் நம்பரை மாற்றி முடிக்கிற வரை, சின்ன ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.

நிறுத்தும்போது செய்ய வேண்டியவை

* முதலில் புது கனெக்ஷன் வந்து, ஒரு வாரம் ஒழுங்காக ஓடட்டும். அப்புறம் பழையதை நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்கு இரண்டு வாடகை ஆகும்தான். ஆனால் பிள்ளைக்குப் பரீட்சை சமயத்தில் இரண்டும் இல்லாமல் திண்டாடுவதற்கு இது தேவலை.

* பில் தேதியைப் பாருங்கள். சில திட்டங்களில் பயன்படுத்திய நாளுக்கு மட்டும் கணக்குப் போடுவார்கள். சிலவற்றில் புது மாதம் பிறந்தால் முழு மாத வாடகை. அதனால் பில் தேதிக்குப் பத்து நாள் முன்பே சொல்லி விடுவது நல்லது.

* வாயால் சொன்னால் போதாது. கம்பெனியின் ஆப்பிலோ, ஈ-மெயிலிலோ எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்னாலும் புகார் எண், தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். யார் பேரில் கனெக்ஷன் இருக்கிறதோ அவர் பேரிலிருந்துதான் கோரிக்கை போக வேண்டும்.

* நிறுத்தச் சொன்னதுமே, "ஏன் மேடம் போறீங்க? பாதி விலைக்குத் தர்றோம்" என்று போன் மேல் போன் வரும். நமக்கு லாபம் என்றால் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் சலுகை எத்தனை மாதத்துக்கு, அப்புறம் என்ன விலை என்பதை மெசேஜில் அனுப்பச் சொல்லுங்கள். மெசேஜ் வராத சலுகை, காற்றில் எழுதிய எழுத்து.

* பெட்டியைக் கொடுக்கும்போது அடாப்டர், ரிமோட், டி.வி. பெட்டி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி ஒரு போட்டோ. பெட்டியின் அடியில் இருக்கிற சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி இன்னொரு போட்டோ. வருகிறவரிடம் 'பெற்றுக்கொண்டேன்' என்று பேர், தேதியோடு கையெழுத்து. ரசீது புத்தகம் இல்லை என்றால், நம் வீட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் பெட்டியைக் கையை விட்டுக் கொடுக்கவே கூடாது.

* பேங்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கிற 'ஆட்டோ பே' இருந்தால் அதை நிறுத்துங்கள். கம்பெனி கணக்கை மூடினாலும் நாம் கொடுத்த அந்த அனுமதி அப்படியே கிடக்கலாம். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்தோ யு.பி.ஐ. மூலமோ இப்படித் தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும். அந்த மெசேஜைப் பார்க்காமல் அழித்து விடாதீர்கள். பணம் அனுப்புகிற ஆப்பிலேயே 'ஆட்டோ பே' என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம். கடைசி பில்லைக் கையால் கட்டிக்கொள்ளலாம்.

* கடைசி பில் கட்டியதும், 'கணக்கு மூடப்பட்டது, பாக்கி இல்லை' என்று ஒரு மெயிலோ மெசேஜோ கேட்டு வாங்குங்கள். அதைக் குறைந்தது ஒரு வருடமாவது பத்திரப்படுத்துங்கள்.

* இன்டர்நெட்டோடு சேர்த்துக் கொடுத்த சினிமா, சீரியல் ஆப்புகள் எல்லாம் அன்றோடு நின்று விடும். நிறுத்துவதற்கு முன் வீட்டில் சொல்லி விடுங்கள். இல்லாவிட்டால் மாமியார் சீரியல் நேரத்தில் நமக்குத்தான் கச்சேரி!

வீடு மட்டும்தான் மாறுகிறீர்கள் என்றால், நிறுத்தவே வேண்டாம். புது விலாசத்தில் அதே கம்பெனி லைன் இருக்கிறதா, மாற்றிக் கொடுக்க என்ன கட்டணம் என்று கேளுங்கள். சில சமயம் நிறுத்திவிட்டுப் புதிதாக எடுப்பதைவிட இது மலிவு. சில சமயம் புதிதாக எடுப்பது மலிவு. இரண்டையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டெபாசிட் வரவில்லை என்றால்...

நாம் மறந்துவிடுவோம் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்', 2006-லேயே பிராட்பேண்டுக்கான தர விதிகளில், கனெக்ஷனை மூடிய 60 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று வைத்தது. 2024 அக்டோபர் முதல் புது விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஆக, கனெக்ஷன் நின்ற தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, இரண்டு மாதம் ஆகியும் வராவிட்டால் சும்மா இருக்கக் கூடாது. கேளுங்கள். நம் பணம்தானே!

எங்கே போய்ச் சொல்வது?

டிராய்க்கே எழுதிப் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். தனித்தனி ஆளின் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. அது விதி போடுகிற இடம். அந்த விதிப்படி நமக்கு இரண்டு படிகள் இருக்கின்றன. 2012-ம் வருடத்து விதி இது.

முதல் படி, கம்பெனியின் புகார் மையம். அங்கே கட்டணமில்லாமல் போன் செய்யலாம். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு தனி எண் தந்தே ஆக வேண்டும். எண் தராவிட்டால் புகார் பதிவாகவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது படி, மேல்முறையீடு. புகாருக்குப் பதில் வரவில்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், தீர்ப்பதற்கான கெடு முடிந்த 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்த அதிகாரியின் விவரம் டிராய் இணையதளத்தில் இருக்கிறது. அக்காவுக்கு வேலை நடந்தது இந்த இரண்டாவது படியில்தான்.

இதிலும் நியாயம் கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம். அதற்கும் மேலே, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. "டெலிபோன் விஷயம் நுகர்வோர் கோர்ட்டுக்கு வராது" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். வரும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லி விட்டது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சேருவதற்கு ஒரே ஒரு பட்டன், விலகுவதற்கு ஒன்பது பக்கம் என்று வைத்து அலைக்கழிப்பதையும், விலையை ஒரே தடவையில் சொல்லாமல் கடைசியில் ஒவ்வொன்றாகக் கூட்டுவதையும் மத்திய அரசு 2023 நவம்பர் 30-ம் தேதி வெளியிட்ட விதிகளில் தப்பு என்று சொல்லியிருக்கிறது. மொத்தம் 13 வகைத் தந்திரங்களை அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆகவே, "நிறுத்தற பட்டனே கண்ணுல படலையே" என்று நாம் குழம்பினால் அது நம் அறியாமை இல்லை. அப்படி மறைத்து வைத்ததுதான் தப்பு.

மளிகைக் கணக்கு நோட்டின் கடைசி நாலு பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். கனெக்ஷன் யார் பேரில், எந்த செல் நம்பர், வாடிக்கையாளர் எண், டெபாசிட் எவ்வளவு, பெட்டியின் சீரியல் நம்பர், பில் தேதி என்று ஆறே வரி எழுதி வைத்தால் போதும். வீட்டில் யார் இருந்தாலும், இல்லாவிட்டாலும், அந்த நோட்டைப் பார்த்து நாமே போன் எடுத்துப் பேசலாம். அந்த ஆறு வரியை இன்றைக்கு ராத்திரி சமையல் முடிந்ததும் எழுதி விடுங்களேன், சகோதரிகளே!

— ஒரு வாசகி, திருச்சி.